கொள்ளுத்தாத்தாவின் வருஷங்களைப் படித்துத் தந்த பெரியவருக்கு நன்றி

கொள்ளுத்தாத்தாவின் கணக்கு நோட்டை நூலக மேசையில் விரித்து வைத்து விழித்துக்கொண்டிருந்த எனக்கு, பக்கத்து இருக்கையிலிருந்து தாமாகவே உதவிய பெரியவருக்கு இந்த நன்றி. பெயரைக் கேட்கத் தவறியது என் பிழை. பூச்சி அரித்த கடைசித் தாளில் ‘சக’ என்று நான் ஏதோ சொல்லாக வாசித்தது, தமிழ் எண்ணில் 41, இறந்தபோது கொள்ளுத்தாத்தாவின் வயது என்று காட்டினார். ஈஸ்வர வருஷம் ஆவணியில் பிறப்பு, காளயுக்தி வருஷம் ஐப்பசியில் விஷ சுரத்தால் மரணம் என்ற குறிப்பை, அறுபதாண்டுச் சுழற்சியில் நான் திணறியபோது, 1877, 1918 என்று பிரித்துச் சொன்னார்.

தாது வருஷத்தில் மழை பொய்த்துத் தொடங்கிய பஞ்சத்தில், நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கே ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவுந்தான் தினக்கூலி என்று பிரிட்டிஷ் அரசின் பஞ்ச அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் குறைத்த அந்த 1877-இல், ஒரு கர்ப்பிணி என்ன உண்டிருப்பாள் என்று பெரியவர் கேட்டது மனத்தை விட்டு அகலவில்லை. கொள்ளுத்தாத்தாவின் மரணத்துக்குக் காரணம், 1918-இல் பம்பாய்த் துறைமுகம் வழியாக நுழைந்து, திடகாத்திரமானவர்களையே அதிகம் கொண்டுபோன இன்ஃபுளுவென்சா. (வீட்டில் நாங்கள் பேதி என்றே சொல்லிவந்தோம்.) ஐயா, அந்தத் தாளின் நகலொன்றை உங்களுக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.