லங்காவியில் ஒரு நாள்: வரிசையை மாற்றுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

ஐம்பதைத் தாண்டிய தம்பதிகளுக்காகச் சென்ற இதழில் வந்த, மலேசியாவின் லங்காவித் தீவுக்கான ஒருநாள் திட்டத்தைப் படித்தேன். இடங்களில் குறையில்லை, வரிசைதான் தலைகீழ். காலையில் கிலிம் சதுப்புநிலக் காட்டில் படகுச் சவாரி, சாப்பாட்டுக்குப் பின் கேபிள் கார், கடைசியில் தெலாகா துஜோ அருவி என்று போட்டிருக்கிறீர்கள்.

கேபிள் காரைத்தான் முதலில் வைக்க வேண்டும். மச்சின்சாங் மலையில் உச்சி நிலையம் 708 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மின்னலோ பலத்த காற்றோ வந்தால் ஓட்டத்தை நிறுத்திவிடுவார்கள். மேலே இருப்பவர்கள் அது அடங்கும்வரை அங்கேயே காத்திருக்க வேண்டியதுதான். மழை மாதங்களில், குறிப்பாக செப்டம்பர், அக்டோபரில், பெரும்பாலும் பிற்பகலில்தான் இடி இடிக்கும். வெள்ளி, சனி லங்காவி அடங்கிய கெடா மாநிலத்தின் வார விடுமுறை, ஞாயிறன்று வெளிமாநிலக் கூட்டம். ஆகவே திங்கள் முதல் வியாழனுக்குள் ஒரு நாளில், திறந்தவுடன் போய்விடுவது நல்லது. பராமரிப்புக்கு மூடும் நாள்களையும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரே தூணிலிருந்து வடங்களில் தொங்கும் 125 மீட்டர் வளைவுப் பாலம் உச்சி நிலையத்தைவிடத் தாழ்வில் இருக்கிறது. படியில் இறங்கும்போது ஒன்றும் தெரியாது; திரும்பி ஏறும்போதுதான் முழங்கால் பேசும். சாய்வு லிப்ட் உண்டு, ஆனால் அதற்கும் பாலத்துக்கும் தனிச் சீட்டு. இதைச் செய்த அதே நாளில் தெலாகா துஜோவின் 600-க்கும் மேற்பட்ட படிகளை ஏறச் சொல்வது நியாயமில்லை. ஜனவரி முதல் மார்ச் வரை அங்கே தண்ணீரும் மெலிந்திருக்கும். விட்டுவிடலாம்.

கிலிமைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளலாம். அது இருப்பது தீவின் வடகிழக்கில், கேபிள் காரோ மேற்கு மூலையில். காரில் முக்கால் மணி நேரம் போல ஆகும். படகுக்கு ஆள் கணக்கில்லை, முழுப் படகுக்கும் சேர்த்தே வாடகை. எனவே படகுத்துறையில் இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்துகொண்டால் செலவு பாதியாகும். நேரத்தைத் தீர்மானிப்பது கடிகாரமல்ல, கடல். நீர் ஏறியிருந்தால் சவாரியில் வரும் முதலைக் குகைக்குள் படகு நுழையாது, கூரை தலையில் இடிக்கும். வற்றம், அதாவது கடல்நீர் இறங்கி நிற்கும் நேரம், ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை வரும். நாளுக்கு 50 நிமிடம் போலத் தள்ளிப்போகும். ஓதப் பட்டியலைப் பார்த்து, தங்கும் நாள்களில் எதில் வற்றம் பிற்பகல் மூன்று, நான்கு மணியை ஒட்டி விழுகிறதோ அந்த நாளை ஊர் சுற்ற வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு நாள் அமையாவிட்டால் குகையைத்தான் விட வேண்டும், காலைக் கேபிள் காரை அல்ல.

இருட்டிவிடுமோ என்ற கவலை வேண்டாம். மலேசியக் கடிகாரம் இந்தத் தீவின் சூரியனுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்தி ஓடுகிறது. உச்சிவெயில் ஒரு மணிக்குப் பிறகுதான், சூரியன் மறைய, மாதத்தைப் பொறுத்து, ஏழு முதல் ஏழே முக்கால் வரை ஆகும். ஐந்தரைக்குப் படகை விட்டு இறங்கினாலும் அருகிலுள்ள தஞ்சோங் ரூ கடற்கரையில் அந்தி பார்க்கலாம். தென்மேற்கே இருக்கும் பந்தாய் செனாங் கடற்கரைவரை ஓட வேண்டியதில்லை.

இன்னொன்று. கட்டுரையோடு வந்த படத்தில் படகிலிருந்து செம்பருந்துகளுக்குக் கோழித்தோல் வீசுகிறார்கள். தோலில் கொழுப்புதான் மிச்சம். மீனைப் பிடித்து உண்பதில் கிடைக்கும் சத்து அதில் இல்லை, பறவையும் படகுச் சத்தத்துக்குக் காத்திருக்கப் பழகிவிடுகிறது. ஏறும் முன்பே "தீனி போட வேண்டாம், எஞ்சினை அணைத்துவிட்டு நின்றால் போதும்" என்று படகோட்டியிடம் சொல்லிவிடலாம். பருந்துகள் அப்போதும் தலைக்கு மேலே வட்டமிடும். அடுத்த முறை அந்தப் படத்துக்குப் பதில் வேறு படம் போடுங்கள்.

இப்படிக்கு,
அலோர்ஸ்டார் வாசகர்