அந்த 160 ஏக்கர் நிலம் என்னாச்சுன்னு கேட்டல்ல

மாப்ள,

உன் லெட்டர் வந்து மூணு வாரம் ஆச்சு, பதில் போடலன்னு கோச்சுக்காத. முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது பெரிய நிம்மதிடா, பிசியோவுக்கு மட்டும் டிமிக்கி குடுத்துடாத, என் மாமனார் நாலு நாள் போயிட்டு நிறுத்துனவரு இன்னிக்கும் வாக்கர் பிடிச்சுக்கிட்டுதான் நடக்குறாரு. இங்க கனடாவுல, ரெஜைனால ஒருவழியா பனி உருகிடுச்சு. சின்னவ பன்னெண்டாம் கிளாஸ் முடிக்கப் போறா.

நிலம் என்னாச்சுன்னு கேட்டிருந்த. வாங்கல மாப்ள. நாலு பேர் சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டு க்வாப்பெல் பள்ளத்தாக்குப் பக்கம் ஒரு குவார்ட்டர், அதாவது 160 ஏக்கர், எடுக்கலாம்னு இருந்தோம், இங்க மாகாண அரசாங்கமே கிரவுன் லேண்டை, அதாவது அரசாங்க நிலத்தை, ஆன்லைன் ஏலத்துல விக்குது, உக்காந்த இடத்துலேர்ந்து ஏலம் கேக்கலாம், குத்தகைக்கு விட்டா மாட்டுக்காரங்க எடுத்துப்பாங்க, அரசாங்கம் விக்கிறதுல வில்லங்கம் என்ன இருக்கப் போகுதுன்னு நானும் தலையாட்டிட்டேன்.

எங்க ஆபீஸ்ல ஒரு அம்மா இருக்காங்க, ஃபர்ஸ்ட் நேஷன்காரங்க, அதாவது இந்த மண்ணோட பூர்வகுடி, அந்தப் பள்ளத்தாக்குல ஒரு ரிசர்வ்தான், அவங்க ஜனத்துக்குன்னு ஒதுக்கின நிலம், சொந்த ஊரு. போன வருஷம் எனக்கு ஸ்வீட்கிராஸ்னு ஒரு புல்லை மூணு புரியா ஜடை மாதிரி பின்னிக் குடுத்தாங்க, அவங்க சாமி கும்பிடுறப்ப கொளுத்துறது, இன்னும் என் டிராயர்லதான் இருக்கு, திறந்தா புது வைக்கோலும் வெட்டிவேரும் கலந்த மாதிரி ஒரு வாசனை. லஞ்ச்ல இந்த ஏலத்தைப் பத்தி அவங்ககிட்ட சந்தோஷமா சொன்னேன் பாரு. எந்தப் பக்கம்னு மட்டும் கேட்டாங்க. மேப்ல காட்டினேன். அதுக்குப் பக்கத்து நிலத்துலதான் இந்தப் புல்லு அறுத்தது, அதையும் வித்துட்டாங்க, இந்த வருஷம் கேட் பூட்டியிருக்குன்னு சொல்லிட்டு டிபன் பாக்ஸை மூடிட்டாங்க. கோவமா பேசியிருந்தாக்கூட பரவால்ல, அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல, உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன்.

ரெஜைனாவும் சுத்துப்பட்டும் ட்ரீட்டி 4-ங்கிற ஒப்பந்தத்துக்குள்ள வர்ற மண்ணு. 1874 செப்டம்பர் 15-ல க்ரீ, சோட்டோங்கிற பூர்வகுடித் தலைவருங்களும் பிரிட்டிஷ் ராணி பேர்ல வந்த ஆளுங்களும் க்வாப்பெல் கோட்டையில போட்ட ஒப்பந்தம். அஞ்சு பேர் குடும்பத்துக்கு ஒரு சதுர மைல் கணக்குல ரிசர்வ், தலைக்கு வருஷம் 5 டாலர், அப்புறம் விட்டுக்குடுத்த பரப்பு முழுக்க வேட்டையாட, மீன் பிடிக்க உரிமை. அந்த 5 டாலர் இன்னிக்கும் அதே 5 டாலர்தான்டா, ட்ரீட்டி டேன்னு ஒரு நாள் வச்சு சிவப்புக் கோட்டு போட்ட போலீஸ் பக்கத்துல நிக்க, புது நோட்டா குடுப்பாங்க. ஒரு தடவை அந்தம்மா அந்த நோட்டைக் காட்டினாங்க, செலவு பண்ணாம பைபிள்குள்ள வச்சிருந்தாங்க.

வேட்டை உரிமைக்கு ஒரு வால் ஒட்டியிருக்கு. குடியேத்தம், சுரங்கம் மாதிரி காரியத்துக்கு அரசாங்கம் எடுத்துக்குற இடம் தவிரன்னு. 1930-ல மத்திய அரசு நிலத்தையெல்லாம் மாகாணத்துக்கு மாத்திக் குடுத்தப்ப, ஆள் இல்லாத கிரவுன் நிலத்துல சாப்பாட்டுக்கு வேட்டையாடுற உரிமை தொடரும்னு எழுதினாங்க. தனியார் நிலம் கண்ணுக்குத் தெரியுற மாதிரி பயன்பாட்டுல இருந்தா அங்க அந்த உரிமை செல்லாதுன்னு 1996-ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. இப்ப யோசிச்சுப் பாரு. ஒவ்வொரு குவார்ட்டரா ஏலத்துல போகப் போக, ஒப்பந்தத்தை யாரும் கிழிக்க வேண்டியதே இல்ல, காகிதம் பத்திரமா அப்படியே இருக்கும், உரிமையும் இருக்கும், போய் நிக்கத்தான் மண்ணு இருக்காது. நம்ம ஊர்ல மேய்க்கால் புறம்போக்கைப் பட்டா போட்டப்புறம் ஆடு எங்க போகும், அந்தக் கதைதான், ஆனா இங்க அந்தப் புறம்போக்கு ஒரு ராஜாங்க ஒப்பந்தத்துல எழுதிக் குடுத்தது. விக்கிறதுக்கு முன்னாடி அவங்களைக் கலந்து பேசணும்னு சட்டம் இருக்கு, 2004 தீர்ப்புலேர்ந்து அது உறுதி, ஆனா கேக்கணும்ங்கிறதுதான் கடமை, அவங்க ஒத்துக்கணும்னு இல்ல. அவங்க பெரியவங்க சொல்றது வேற. நாங்க எதையும் விக்கல, கலப்பை இறங்குற ஆழம் வரைக்கும் பகிர்ந்துக்கிட்டோம், அவ்வளவுதான்னு.

பாஸ்க்வான்னு ஒரு தலைவரு மாப்ள, அவரைப் பத்தி உன்கிட்ட சொல்லியே ஆகணும். ஒப்பந்தம் பேசுறதுக்கு நாலு வருஷம் முன்னாடி ஹட்சன்ஸ் பே கம்பெனின்னு ஒரு பிரிட்டிஷ் வியாபாரக் கம்பெனி இந்தப் பிரதேசத்தோட உரிமையையே 3,00,000 பவுனுக்கு கனடா அரசாங்கத்துக்கு வித்திருந்துச்சு. இங்க இருக்குற ஜனங்ககிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல. 1874 பேச்சுவார்த்தையில இவரு எழுந்து கம்பெனி ஆளைக் கையைக் காட்டி, உன் நிலத்தை இத்தனை பணத்துக்கு வித்தேன்னு நீதானே சொன்ன, அந்தப் பணம் எங்களுக்கு வேணும்னு கேட்டிருக்காரு. எல்லார் முன்னாலயும். அவரு அந்த ஒப்பந்தத்தைப் படமா வரைஞ்சும் வச்சிருந்தாரு, அது எப்படியோ இங்கிலாந்து போய், 2007-ல திரும்ப வாங்கிட்டு வந்தாங்க.

இன்னொரு தலைவரு காக்கிவிஸ்தஹா. 1902-ல ரிசர்வ் நிலத்தைக் கொடுன்னு அதிகாரிங்க வந்து நின்னப்ப, நீங்க ஒருநாள் இந்த நிலத்தைத் திரும்பக் கேட்டு வருவீங்கன்னு நான் அப்பவே சொல்லலையா, அப்பவும் முடியாதுன்னுதானே சொன்னேன்னு கேட்டாராம் அந்தக் கிழவரு. 1906-ல அவரு இறந்துட்டாரு. அடுத்த ஜனவரியில, நடு பனிக்காலத்துல, ரொக்கத்தோட வந்து 33,281 ஏக்கரை எழுதி வாங்கிட்டாங்க, ரயில் பாதையோரம் இருந்த நல்ல மண்ணுல பெரும்பகுதி போச்சு.

இதெல்லாம் தெரிஞ்சப்புறம் எப்படிடா கை நீட்டுறது? மத்த மூணு பேருக்கும் போன் போட்டு நான் வரலன்னு சொல்லிட்டேன். நீ வாங்கலன்னா வேற ஒருத்தன் வாங்கத்தான் போறான்னாங்க, அது உண்மைதான், அதுக்காக அந்த கேட்ல பூட்டுப் போடுற கை என் கையா இருக்கணுமா. ஒருத்தர் இன்னும் என்கூட சரியாப் பேசல. வீட்டுல முதல்ல முணுமுணுப்பு, அப்புறம் அவளே அந்தம்மாவை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா. ரசம் சாதம் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாங்க.

அன்னிக்குத்தான் இதைச் சொன்னாங்க. சூரியன் காயுற வரைக்கும், புல்லு முளைக்கிற வரைக்கும், ஆறு ஓடுற வரைக்கும்னு வாக்குக் குடுத்துதான் அந்த ஒப்பந்தம் போட்டாங்களாம். எனக்கு உடனே தஞ்சாவூர் பெரிய கோவில் ஞாபகம் வந்துடுச்சு. செகண்ட் இயர்ல நம்ம தமிழ் வாத்தியார் வெயில்ல நிக்க வச்சு அடிப்பீடத்துக் கல்வெட்டுல விரலை வச்சு வாசிச்சுக் காட்டினாரே, சந்திராதித்தவல், சந்திரனும் சூரியனும் உள்ளவரைக்கும்னு. விளக்குக்கு விட்ட ஆட்டைச் சாவா மூவாப் பேராடுன்னு எழுதுவாங்கன்னும் அன்னிக்குத்தான் சொன்னாரு. உங்க ஊர்லயும் இப்படித்தான் எழுதுவாங்களான்னு அந்தம்மா திரும்பத் திரும்பக் கேட்டாங்க. கல்லுலயான்னு வேற கேட்டாங்க.

உனக்கு நடக்க முடிஞ்சதும், அவசரமே இல்ல, ஒருநாள் சாயங்காலம் அந்தப் பக்கம் போய் அந்த எழுத்து தெரியுற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. ஜூலையில அவங்க ஜனத்தோட பெர்ரி பறிக்கப் போறோம், இன்னும் விக்காத ஒரு நிலம் இருக்காம். அதுக்குள்ள கிடைச்சா பிரிண்ட் போட்டு எடுத்துட்டுப் போறேன்.

உன் பழைய ரூம்மேட்