ஐந்தாவது காலுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் புணேயிலிருந்து புதுக் காலோடு ஊர் வந்து சேர்ந்தேன். முழங்காலுக்குக் கீழே மாட்டும் செயற்கைக் கால், எனக்கு இது ஐந்தாவது. பாகிஸ்தான் எல்லையில் படைகளைக் குவித்த ஆபரேஷன் பராக்ரம் நடந்த 2002-இல், ராஜஸ்தான் எல்லையில் கண்ணிவெடி புதைக்கப் போன இடத்தில் சொந்தக் காலை விட்டுவிட்டு வந்தவன் நான். முதல் செயற்கைக் காலும் புணே ராணுவச் செயற்கை உறுப்பு மையத்தில் போட்டதுதான். 1944-இல் தொடங்கிய இடம் அது.

எனக்கு அடிபட்ட மறு வருஷம், 2003 ஏப்ரல் 1-ஆம் தேதி, முன்னாள் படைவீரர் பங்களிப்பு சுகாதாரத் திட்டம் வந்தது. நாங்கள் சொல்வது இசிஎச்எஸ். அந்தத் திட்டத்தின் சிகிச்சை நிலையமான பாலிகிளினிக்கில் காட்டி, ரெஃபரல் சீட்டு வாங்கிக்கொண்டு போனால் அங்கீகரித்த தனியார் மருத்துவமனையில் காசு கட்டாமல் சிகிச்சை. பணம் மத்திய அரசுடையது, சரி. ஆனால் அந்தப் பணம் என் காலுக்கு வந்து சேர்வதற்குள் எத்தனை பேர் கையைத் தாண்டுகிறது என்பதை இந்த வருஷம்தான் பார்த்தேன்.

வருஷம் போகப் போக வெட்டுப்பட்ட கால் மெலிந்துவிடும். அதைச் செருகும் கூடான பழைய சாக்கெட் தொளதொளவென்று ஆகி, நாலு சாக்ஸ் போட்டு இறுக்கியும் உரசி உரசிப் புண் வந்தது. சர்க்கரை வேறு. முதலில் போன மருத்துவமனையில், “பழைய பில்லுக்கே இன்னும் பணம் வரலை, கையிலிருந்து கட்டுங்க” என்றார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கலாம். எனக்கு அன்றைக்கு அதை யோசிக்கும் தெம்பு இல்லை.

பாலிகிளினிக் டாக்டரம்மா, உங்களுக்குத்தான் முதல் நன்றி. டோக்கன் நேரம் முடிந்து கிளம்பியவர், என் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பையைக் கீழே வைத்தீர்கள். நீங்களே போன் போட்டு வேறு மருத்துவமனையில் இடம் பிடித்தீர்கள். புண் ஆறியதும் புணேக்கு எழுதிக்கொடுத்ததும் நீங்கள்தான்.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. ராணுவத்திலிருந்து வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தில் என் பெயரில் ஆங்கில ‘எச்’ ஒன்று கூடுதல், ஆதாரில் இல்லை. காலை இழந்ததற்குச் சாட்சி காலே இருக்கிறது, பெயருக்குத்தான் சாட்சி தேட வேண்டியிருந்தது! மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத் தம்பி ராணுவ ரெக்கார்டு ஆபீசுக்கு மூன்று முறை எழுதினார். நான் சலித்துக்கொண்டபோதும், “ஐயா, நாலாவதும் எழுதுவோம்” என்றாரே தவிர முகம் சுளிக்கவில்லை.

புணே டெக்னீஷியனுக்கு இந்தத் தமிழ் புரியாது. ஆனாலும் சொல்கிறேன். கால் மணி நேரம் நடக்கவிட்டுக் கழற்றுவார். தோலில் சிவந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்து, சாக்கெட்டில் அதே இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டு, நூலளவு தேய்ப்பார். மறுபடி நடை, மறுபடி வட்டம். ஏழாவது தடவை கழற்றியபோது தோல் சிவக்கவில்லை. என்னைவிட அவர்தான் அதிகம் சிரித்தார்.

அப்புறம், டிசம்பர் 7 கொடிநாளுக்கு உண்டியலில் காசு போடும் பிள்ளைகளே! புணே பக்கத்துக் கிர்க்கியிலும் பஞ்சாப் மொகாலியிலும் முதுகுத்தண்டு அடிபட்டுப் படுத்திருக்கும் வீரர்களின் மறுவாழ்வு மையங்களுக்குக் கொடிநாள் நிதியிலிருந்து உதவி போகிறது. பள்ளிக்கூடத்தில் நானும் கொடி வாங்கிச் சட்டையில் குத்தி, சாயங்காலமே தொலைத்தவன்தான். அந்தக் காசு எங்கே போகிறது என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்று மாதம் சொந்தக் கடையை மூடிவிட்டு என்னோடு அலைந்த மைத்துனருக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார், விட்டுவிடுகிறேன்.

பாலிகிளினிக் கவுன்ட்டர் பாப்பா, படிவம் நிரப்ப உன்னிடம் வாங்கிய நீலப் பேனா இன்னும் என் பையில்தான் இருக்கிறது. அடுத்த மாதம் மாத்திரை வாங்க வரும்போது கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் ஹவில்தார்