டாங்கி வாங்கலாம், பாலம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வந்த ‘ஆயுதம் குவிக்கும் ஐரோப்பா’ கட்டுரையைத் திங்கட்கிழமைதான் வாசித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஜேர்மனியில் பார லொறி ஓடத் தடை. அன்று வீட்டில் மகளின் பிள்ளைகள் பத்திரிகையைத் தொட விடமாட்டார்கள். நாலரை மணித்தியாலம் ஓடினால் முக்கால் மணித்தியாலம் நிறுத்தியே ஆகவேண்டும் என்பது சட்டம். டோர்ட்முண்டுக்கு வெளியே ஒரு தரிப்பிடத்தில் அந்த முக்கால் மணித்தியாலத்தை உங்கள் கட்டுரைக்குக் கொடுத்தேன்.

எத்தனை பில்லியன், எத்தனை டாங்கி, எத்தனை ஏவுகணை என்று நன்றாகவே கணக்குப் போட்டிருந்தீர்கள். 2025 ஜூனில் ஹேக் நகரில் நேட்டோ நாடுகள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் பாதுகாப்புக்கு ஒதுக்க ஒத்துக்கொண்ட 5 சதவீதம், பிரசல்ஸில் இருக்கிற ஐரோப்பிய ஒன்றியத் தலைமை சொல்லும் 800 பில்லியன் யூரோ எல்லாம் இருந்தது. அமெரிக்காவை இனி முழுதாக நம்ப முடியாது என்ற பயம்தான் இதற்கெல்லாம் அடி என்று எழுதியதும் சரி. ஆனால் அரைப் பக்கக் கட்டுரையில் ‘பாலம்’ என்ற சொல்லைத் தேடிப் பார்த்தேன். ஓரிடத்திலும் இல்லை. 1999 இலிருந்து இந்த நாட்டில் லொறி ஓட்டுகிறவன் என்ற முறையில் அதைப்பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் இருக்கிற ஹாகனிலிருந்து தெற்கே ஏ45 ஒட்டோபானில், அதாவது அதிவேக வீதியில், போனால் லூடன்ஷைட் வரும். அங்கே ராமெடெ பள்ளத்தாக்குக்கு மேலே ஒரு பாலம் இருந்தது. 453 மீற்றர் நீளம், 70 மீற்றர் உயரம், 1968 இல் கட்டி முடித்தது. 2021 டிசெம்பர் 2ஆம் திகதி பின்னேரம் அதை மூடினார்கள். இரும்புத் தகடுகள் நெளிந்திருந்ததைக் கண்டுபிடித்து, இனி ஒரு சைக்கிளும் போகக்கூடாது என்ற மாதிரி மூடினார்கள். நாங்கள் எல்லோரும் கொஞ்ச நாளில் திறப்பார்கள் என்று நினைத்தோம். 2023 மே மாதம் வெடி வைத்துத் தகர்த்தார்கள். இடைப்பட்ட காலத்தில் ஏ45 இன் போக்குவரத்து முழுக்க லூடன்ஷைட் ஊருக்குள்ளால் இறங்கி ஏறியது. ஒரு வீட்டு யன்னலில் ‘எங்களுக்கு நித்திரை வேண்டும்’ என்று படுக்கை விரிப்பில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். சிவப்பு விளக்கில் நிற்கும்போது அந்த யன்னலும் என் கதவும் ஒரே உயரம். உள்ளே கிழவி ஒருவர் தேத்தண்ணி குடிப்பது தெரியும். எனக்கு வெட்கமாக இருக்கும், என்ன செய்வது, பாதை அதுதான்.

அந்தப் பாலத்துக்கு என்ன நடந்தது? கட்டியபோது நினைத்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் வாகனம், அதிலும் நினைத்தே பார்க்காத அளவு பார லொறி. என்னுடைய லொறி சரக்கோடு 40 தொன். அதுதான் சாதாரண உச்ச அளவு. அந்த 40 தொன் வருடக்கணக்காக ஏறி இறங்கியே பாலம் போய்விட்டது. இப்போது ஒரு லெப்பார்ட் டாங்கியை அதன் இழுவை வண்டியில் ஏற்றினால் மொத்தம் 100 தொன்னைத் தாண்டும். விளங்குகிறதா நான் எங்கே வருகிறேன் என்று?

இது லொறிக்காரனின் புலம்பல் இல்லை. 2022 இல் பிரான்ஸ் தன் லெக்லேர்க் டாங்கிகளை ருமேனியாவுக்கு அனுப்பப் பார்த்தது. உக்ரைனில் சண்டை நடக்கிறது, ருமேனியா பக்கத்து நாடு, அவசரம். ஜேர்மன் வீதியால் போக முடியவில்லை, ஏனென்றால் அந்த இழுவை வண்டிகளின் அச்சுப் பாரம் இங்கே அனுமதித்த அளவைவிடக் கூட. கடைசியில் ரயிலில் போனது. நட்பு நாடு, ஒரே கூட்டணி, எதிரி ஒருவன். தடுத்தது எதிரி இல்லை, வீதிச் சட்டம்.

சிரிக்கத் தோன்றும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு வருடம் கனரகச் சுமை ஏற்றும் ஒரு கொம்பனியில் வேலை செய்தவன் நான், பெயர் வேண்டாம். ஒருமுறை பெரிய மின்மாற்றி ஒன்றை ரைன் நதித் துறைமுகத்துக்குக் கொண்டுபோகவேண்டும். நேர்ப் பாதை 40 கிலோமீற்றர். அனுமதிக்கு ஆறு கிழமை காத்திருந்தோம். மாநிலம் ஒன்று, நகரசபை இரண்டு, ஒட்டோபான் நிர்வாகம் வேறு, ஒவ்வொரு பாலத்துக்கும் ஒரு பொறியியலாளர் கணக்குப் போட்டுக் கையெழுத்து. ஒரு பாலத்தின் கணக்கு புதிதாகப் பார்த்ததில் தேறவில்லை. சுற்றிப்போகச் சொன்னார்கள், 130 கிலோமீற்றர். இரவு பத்துக்குப் பிறகுதான் புறப்படலாம், விடிய முதல் ஒதுங்கிவிட வேண்டும். முன்னால் மஞ்சள் விளக்கோடு ஒரு வான், பின்னால் ஒரு வான். ஊருக்குள் வளைவு வந்தால் ஆட்கள் இறங்கிப் போய் சிக்னல் கம்பத்தின் ஆணியைக் கழற்றி, கம்பத்தையே திருப்பி வைத்து, நாங்கள் போனபிறகு மறுபடி பூட்டுவார்கள். பாலத்தில் ஏறும்போது நடக்கிற வேகம். நடுவில், தனியாக. பிறேக் பிடிக்கக்கூடாது. மூன்று இரவு எடுத்தது. அது ஒரே ஒரு சுமை.

இராணுவத்துக்கும் சமாதான காலத்தில் ஏறக்குறைய இதே கதைதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் கணக்காய்வு மன்றம் 2025 தொடக்கத்தில் ஒரு அறிக்கை விட்டது. எல்லை தாண்டி இராணுவம் போவதற்கு ஒரு உறுப்பு நாடு 45 நாளுக்கு முன்பே அறிவிக்கச் சொல்கிறது என்று அதில் இருக்கிறது. 45 நாள்! என் மின்மாற்றியே பரவாயில்லை. அந்த அறிக்கையில் இன்னொன்றும் உண்டு. இராணுவப் போக்குவரத்துக்கு ஏற்ற பாதை, பாலம், தண்டவாளம் செய்ய 2021 முதல் 2027 வரைக்கும் ஒதுக்கியது 1.69 பில்லியன் யூரோ. அது 2023 இலேயே முடிந்துவிட்டது. மிச்சம் நாலு வருடத்துக்கு உண்டியல் வெறும் உண்டியல்.

2025 நவம்பரில் பிரசல்ஸ் புதுத் திட்டம் ஒன்றை முன்வைத்தது. சமாதான காலத்தில் அனுமதிக்கு அதிகபட்சம் மூன்று நாள், அவசரத்தில் ஆறு மணித்தியாலம். பலப்படுத்த வேண்டிய 500 இடங்களை அடையாளம் கண்டிருக்கிறார்களாம். பாலம், சுரங்கம், துறைமுகம் என்று. நல்ல விசயம். ஆறு மணித்தியாலத்தில் கடதாசி வரும், நம்புகிறேன். பாலம் வராது. ஜேர்மன் போக்குவரத்து அமைச்சே 2022 இல் சொன்ன கணக்கு, ஒட்டோபான்களில் மட்டும் சுமார் 4,000 பாலங்களை அவசரமாகப் புதுப்பிக்கவேண்டும் என்பது. 2024 செப்டெம்பரில் ட்ரெஸ்டன் நகரில் கரோலா பாலத்தின் ஒரு பகுதி விடியப்புறம் தானாக எல்பெ ஆற்றுக்குள் விழுந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்தான் ஒரு ட்ராம் அதைக் கடந்து போயிருந்தது. ஒரு குண்டும் விழவில்லை.

இந்த நாட்டின் படம் மாறிவிட்டது என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். குளிர் யுத்தத்தில் எல்லை இங்கேயே இருந்தது, படை இங்கேயே நின்றது. இப்போது எல்லை லித்துவேனியாவுக்கும் பின்லாந்துக்கும் போய்விட்டது. ஜேர்மனி நடுச்சந்தி. ஒரு சண்டை என்று வந்தால் நேட்டோவின் 800,000 படையினரும் 200,000 வாகனங்களும் இந்த நாட்டினூடாகக் கிழக்கே போகவேண்டிவரும் என்று இங்கத்தைய பத்திரிகைகள் இராணுவத் திட்டத்தை வைத்து எழுதின. அதையொட்டி ஹம்பேர்க்கில் வணிகர்களிடம் பேசிய ஒரு இராணுவ அதிகாரி, நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் குறைந்தது ஐந்து பேரையாவது கூடுதலாக லொறி ஓட்டப் பழக்குங்கள் என்றார். காரணமும் சொன்னார்: ஜேர்மன் வீதியில் ஓடும் லொறிகளில் 70 சதவீதத்தை ஓட்டுவது கிழக்கு ஐரோப்பியர், அங்கே சண்டை வந்தால் அவர்கள் எங்கே நிற்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

எனக்குத் தெரியும். 2022 மார்ச்சில் எங்கள் கொம்பனியில் இருந்த உக்ரைன்காரர் ஒருவர் சாவியை மேசையில் வைத்துவிட்டு ஊருக்குப் போனார். லொறியை நன்றாகத் துடைத்து, தண்ணீர்ப் போத்தல்களைக்கூட எடுத்துவிட்டு வைத்திருந்தார். அந்த லொறி ஐந்து மாதம் முற்றத்தில் நின்றது. ஓட்ட ஆளில்லை. எங்கட பெடியளும் இந்தத் தொழிலுக்கு வருவதில்லை. என் மகன் கணினி என்கிறான்.

இன்னும் கிழக்கே போனால் தண்டவாளமும் மாறும். போலந்திலிருந்து லித்துவேனியாவின் கவ்னாஸ் வரைக்கும் ஐரோப்பிய அகலம், 1,435 மில்லிமீற்றர். அதற்கு அப்பால் லத்வியாவும் எஸ்தோனியாவும் பழைய ரஷ்ய அகலம், 1,520. எட்டரை சென்ரிமீற்றர் வித்தியாசம், நாலு விரல் மட்டு. அந்த நாலு விரலுக்காக ரயிலிலிருந்து இறக்கி இன்னொரு ரயிலில் ஏற்றவேண்டும். ரயில் பால்ட்டிக்கா என்ற புதுப் பாதை 2030 இல் வரும் என்கிறார்கள். ஜேர்மனி லித்துவேனியாவில் நிறுத்தும் சுமார் 5,000 பேர் கொண்ட படையணி 2027 இல் முழுமையாகிவிடும். ஆள் முதலில், பாதை மூன்று வருடம் கழித்து. போலந்தையும் லித்துவேனியாவையும் தொடுக்கிற சுவால்கி இடுக்கு நேர்கோட்டில் 65 கிலோமீற்றர்தான். ஒரு பக்கம் பெலாருஸ், மற்றப் பக்கம் ரஷ்யாவின் கலினின்கிராட்.

பாதை அறுந்தால் என்ன என்று எனக்குப் புத்தகத்தில் படிக்கத் தேவையில்லை. 1992 கடைசியில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது வெளியே போகிற பாதைகளான ஆனையிறவும் மூடி, பூநகரியும் மூடி. இரவில் கிளாலிக் கடல்நீரேரியில் வள்ளங்களை ஒன்றோடொன்று கயிற்றால் கட்டி, முன்னால் ஒரே ஒரு எஞ்சின் வள்ளம் இழுத்தது. அம்மா மடியில் என் பள்ளிச் சான்றிதழ்களைப் பொலித்தீனில் சுற்றி வைத்திருந்தார். கரை தட்டும்வரை ஒருவரும் கதைக்கவில்லை. படை என்றால் எனக்கு இன்றைக்கும் வயிற்றில் ஒன்று பிசையும். அதனால் உங்கள் கட்டுரையின் கவலை எனக்கு அந்நியம் இல்லை. ஆனாலும் ஐரோப்பா ஒன்றும் செய்யாமல் இருக்கலாம் என்று என்னால் சொல்ல முடியாது. உக்ரைனைப் பார்த்தபிறகு முடியாது. இவ்வளவு காசில் சண்டையே வராவிட்டாலும் வீணாகாதது பாலத்துக்குப் போகிற காசுதான். அதில் பாண் லொறியும் போகும், அம்புலன்சும் போகும்.

ஹேக்கில் ஒத்துக்கொண்ட 5 சதவீதத்தில் 3.5 நேரடி இராணுவச் செலவு, மிச்சம் 1.5 இல் பாலம், வீதியெல்லாம் அடங்கலாம். இதில் ஒரு சுத்துமாத்தும் இருக்கிறது. சிசிலிக்குப் போகும் மெசினா பாலத்தை இத்தாலி அமைச்சர்கள் பாதுகாப்புச் செலவு என்று காட்டப் பார்த்தார்கள். கிழக்கே நிற்கிற படைக்கு சிசிலிப் பாலம் என்ன செய்யும் என்று கேட்கிற வேலை உங்களைப்போன்ற பத்திரிகைகளுடையது. எத்தனை டாங்கி என்று எண்ணுவதோடு எத்தனை பாலம் முடிந்தது என்றும் வருடாவருடம் எண்ணிப் போடுங்கள்.

கடைசியாக ஒரு சின்னத் திருத்தம். லெப்பார்ட் 2 டாங்கியின் நிறை 55 தொன் என்று எழுதியிருந்தீர்கள். அது பழைய 2ஏ4 வகை. இப்போதைய 2ஏ7 வகை 60 தொன்னைத் தாண்டும். எங்கள் வீட்டுக்குக் கிட்ட ஒரு சிறு பாலத்தின் ஓரத்தில் குளிர் யுத்தக் காலத்து வட்ட மஞ்சள் பலகை ஒன்று இன்னும் நிற்கிறது. டாங்கிப் படம் போட்டு, பாலம் எவ்வளவு தாங்கும் என்று இலக்கம் எழுதிய பலகை. பாசி பிடித்துவிட்டது. பக்கத்தில் நகரசபை புதிதாக நட்ட வெள்ளைப் பலகையில், 16 தொன்னுக்கு மேற்பட்ட வாகனம் ஏறக்கூடாது என்றிருக்கிறது.

இப்படிக்கு,
அச்சுவேலியான்,
ஹாகன், ஜேர்மனி.