மோகன் பகான் பிறந்தது 2020-ல் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து அணிகளைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். அதில் மோகன் பகான் பெயருக்கு நேரே ‘தொடக்கம்: 2020’ என்று இருந்தது. ஈஸ்ட் பெங்காலுக்கும் அதே ஆண்டுதான். காப்பி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் படித்தேன். அச்சுப் பிழை இல்லை, இரண்டு இடத்திலும் அப்படித்தான் இருந்தது.

2020 என்பது அந்த இரண்டு கொல்கத்தா கிளப்புகளும் ஐஎஸ்எல் போட்டிக்குள் வந்த ஆண்டு. மோகன் பகான் தொடங்கியது 1889 ஆகஸ்ட் 15. ஈஸ்ட் பெங்கால் தொடங்கியது 1920 ஆகஸ்ட் 1. லீக் மாறியதால் கிளப் புதிதாகப் பிறந்துவிடாது. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் பிறந்து வளர்ந்தது கொல்கத்தாவில், நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருந்த லேக் மார்க்கெட் பகுதியில். 1978-ல் அஞ்சல் துறையில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அந்த ஊரில்தான் கவுண்டர் வேலை. இப்போது கும்பகோணத்தில் இருக்கிறேன். அப்பாவுக்குக் கால்பந்தில் அரிச்சுவடி தெரியாது. ஆனாலும் மோகன் பகான் தோற்ற அன்று ராத்திரி சரியாகச் சாப்பிட மாட்டார். இரண்டு அணிகளும் மோதிய பந்தயம் முடிந்த மாலையில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்திருந்தால் சந்தையில் இலிஷ் மீன் விலை ஏறும், மோகன் பகான் ஜெயித்திருந்தால் இறால் விலை ஏறும். நாங்கள் சைவம் என்பதால் எங்கள் வீட்டில் ரசகுல்லா வரும். மோகன் பகான் என்ற பெயர் எங்களுக்குள் வந்தது இப்படித்தான்.

1989-ல் மோகன் பகான் நூற்றாண்டுக்கு இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. என் கவுண்டருக்கு வந்த பெரியவர் ஒருவரை இன்னும் மறக்கவில்லை. கசங்கிய வேட்டி, கையில் குடை. இரண்டு தபால்தலை வாங்கினார். ஒன்றை மடித்த காகிதத்துக்குள் வைத்துச் சட்டையின் உள்பையில் போட்டுக்கொண்டார். இன்னொன்றை ஓர் உறையில் ஒட்டி, தன் விலாசத்தையே எழுதி, என்னிடம் நீட்டினார். “பாபு, முத்திரை பெயர் மேலே விழாமல் குத்துங்கள்” என்றார். அவருக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. நான் முத்திரையை மைப்பலகையில் மெதுவாக ஒற்றி, தபால்தலையின் ஒரு மூலையில் மட்டும் படும்படி குத்தினேன். வாங்கிப் பார்த்தார். பெயர் முழுதாக இருந்தது. உறையைத் திருப்பிக் கொடுத்து, “இப்போது அனுப்புங்கள்” என்றார்.

மோகன் பகான் என்ற பெயரை வட கொல்கத்தாவில் உள்ள ஒரு மாளிகையிலிருந்து எடுத்தார்கள். 1911 ஜூலை 29 அன்று ஐஎஃப்ஏ ஷீல்டு இறுதிப் போட்டியில் ஈஸ்ட் யார்க்‌ஷையர் ரெஜிமென்ட் அணியை 2–1 என்று வென்றது அந்தப் பெயர்தான். பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள். தலைவர் சிவதாஸ் பாதுரி ஒரு கோல், அபிலாஷ் கோஷ் ஒரு கோல். வெள்ளைக்காரப் பட்டாளத்தைத் தோற்கடித்த அந்த நாளை மோகன் பகான் தினம் என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். பிறகு எத்தனை போட்டிகள்! கல்கத்தா லீக் இருக்கும்போதே 1996-ல் தேசிய கால்பந்து லீக் வந்தது. 2007-ல் அது ஐ-லீக் ஆனது. 2020-ல் ஐஎஸ்எல். நடுவில் 1998-க்குப் பிறகு சில ஆண்டுகள் இரண்டு கிளப்புகளின் பெயருக்கு முன்னாலும் மது நிறுவனத்தின் பிராண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. ஆனால் அது விளம்பரம் என்று எல்லோருக்கும் தெரியும், மைதானத்தில் யாரும் அதைச் சொல்லிக் கத்தவில்லை.

2020-ல் நடந்தது வேறு. அந்த ஆண்டு மார்ச் 10 அன்று கல்யாணியில் ஐஸால் அணியை 1–0 என்று வென்று மோகன் பகான் ஐ-லீக் பட்டத்தை உறுதி செய்தது, இன்னும் நான்கு சுற்று ஆட்டம் மீதி இருக்கும்போதே. நான்கு நாள் கழித்து, கோவாவில் ரசிகர்களே இல்லாத மைதானத்தில், கொல்கத்தாவின் ஏடிகே அணி நம் சென்னையின் எஃப்சி-யை 3–1 என்று வென்று ஐஎஸ்எல் கோப்பையை எடுத்தது. ஒரே ஊரின் இரண்டு அணிகள் ஒரே வாரத்தில் இரண்டு லீக்குகளில் சாம்பியன். அடுத்த சீசனில் இரண்டும் ஒன்றாகி ‘ஏடிகே மோகன் பகான்’ என்று இறங்கின. பச்சையும் மெரூனும் மாறவில்லை, பாய்மரப் படகுச் சின்னமும் இருந்தது. ஆனால் 2014-ல் பிறந்த இன்னொரு அணியின் பெயர் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. பிராண்டு பெயரைச் சகித்துக்கொண்டவர்களால் இதைச் சகிக்க முடியவில்லை. மூன்று சீசன் ‘ஏடிகே-யை நீக்கு’ என்று பதாகை பிடித்தார்கள்.

2023 மார்ச் 18 இரவு, கோவாவில் பெங்களூரு எஃப்சி-யைப் பெனால்ட்டியில் வென்று கோப்பை வாங்கிய கையோடு, உரிமையாளர் சஞ்சீவ் கோயங்கா ஏடிகே போய்விடும், இனி மோகன் பகான் சூப்பர் ஜெயன்ட் என்று அறிவித்தார். நான் தொலைக்காட்சி முன்னால் எழுந்து நின்றுவிட்டேன். ‘சூப்பர் ஜெயன்ட்’ என்ற வால் எனக்கு இன்றும் உறுத்தல்தான். இருந்தாலும் ‘மோகன் பகான்’ முதலில் வந்துவிட்டது. ஐந்து நிமிடத்தில் கொல்கத்தாவிலிருந்து தொலைபேசி. என்னோடு பக்கத்துக் கவுண்டரில் பல வருடம் உட்கார்ந்தவர், சாகும்வரை ஈஸ்ட் பெங்கால் என்று சொல்பவர். கோப்பையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “பெயர் திரும்பி வந்துவிட்டது, இல்லையா?” என்றார். அவர் குரல் கம்மியிருந்தது.

அவருக்கு அது ஏன் அவ்வளவு புரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஜோராபகான் கிளப்பில் ஒரு கிழக்கு வங்காளத்துக்காரரை ஆட்டத்தில் இறக்க மறுத்ததால், சுரேஷ் சந்திர சௌதுரி வெளியே வந்து சிலரோடு சேர்ந்து தொடங்கியது ஈஸ்ட் பெங்கால். 1947-ல் நாடு பிரிந்தது. 1955-ல் கிழக்கு வங்காள மாகாணம் கிழக்குப் பாகிஸ்தான் என்று பெயர் மாறியது, 1971-ல் வங்கதேசம் ஆனது. கிழக்கு வங்காளம் என்ற பெயரை இன்று எந்த வரைபடத்திலும் காண முடியாது. என் நண்பரின் குடும்பம் பரிசாலிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்தது. வீடு, தோப்பு, ஆறு எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. ஊரின் பெயரை அவர்கள் வாய்விட்டுக் கூவக்கூடிய இடம் சிவப்பும் மஞ்சளும் அணிந்த அந்தக் கேலரி ஒன்றுதான். 2020-ல் அந்தக் கிளப்பும் ஐஎஸ்எல்-க்குள் வந்தபோது முன்னால் ‘எஸ்சி’ என்று இரண்டு எழுத்து சேர்ந்தது. இரண்டு சீசனில் முதலீட்டாளர் மாறினார், எழுத்துகளும் போயின. ‘ஈஸ்ட் பெங்கால்’ நின்றது. அவர்களிடம் போய் உங்கள் கிளப் 2020-ல் தொடங்கியது என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

பெயரை மாற்றாமல் லீக் மாற முடியாது என்பதும் இல்லை. பெங்களூரு எஃப்சி ஐ-லீக்கில் இரண்டு முறை பட்டம் வென்றுவிட்டு, 2017-ல் அதே பெயரோடு ஐஎஸ்எல்-க்கு வந்தது. முதல் சீசனிலேயே புள்ளிப்பட்டியலில் முதலிடம். இறுதிப் போட்டியில் அதைத் தோற்கடித்தது நம் சென்னையின் எஃப்சி. 1891-ல் தொடங்கிய முகமதன் ஸ்போர்ட்டிங் ஐ-லீக்கை வென்று 2024-ல் ஐஎஸ்எல்-க்கு வந்தபோதும் பெயர் முழுதாகவே வந்தது. பஞ்சாப் அணி 2023-ல் ஐஎஸ்எல்-க்கு வரும்போது நிறுவனப் பெயரைக் கழற்றிவிட்டு வெறும் பஞ்சாப் எஃப்சி ஆனது.

நம் பக்கத்துக் குறையும் ஒன்று உண்டு. 2019 மார்ச்சில் கோவையில் மினர்வா பஞ்சாபை 3–1 என்று வென்று ஐ-லீக் சாம்பியன் ஆனது சென்னை சிட்டி எஃப்சி. அதற்கு ஐஎஸ்எல் கதவு திறக்கவில்லை. அந்தப் பெயரையும் உங்கள் பக்கத்தில் எப்போதாவது எழுதுங்கள். கோவைப் பிள்ளைகள் அந்தக் கோப்பையை மறந்துவிடக் கூடாது.

இன்னொன்று. 2023 ஆகஸ்ட் 12 அன்று டூரண்ட் கோப்பையில் சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் அடித்த ஒரே கோலில் ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை வென்றது. தொடர்ந்து எட்டு முறை தோற்ற பிறகு வந்த வெற்றி. நான் மோகன் பகான்காரன்தான். ஆனாலும் நம்மூர்ப் பையன் அவ்வளவு பெரிய கேலரியை எழுப்பியதில் எனக்கும் பெருமை. மறுநாள் உங்கள் பத்திரிகையில் ‘சென்னை வீரர் கோல்: கொல்கத்தா அணி வெற்றி’ என்று தலைப்பு. தோற்ற அணியும் கொல்கத்தா அணிதானே ஐயா! ஏடிகே-யை விட்டுவிட்டாலும் ஐஎஸ்எல்-லில் ஆடிய கொல்கத்தா கிளப்புகள் மூன்று. ஊர்ப் பெயர் போதாது, கிளப்பின் பெயரையே போடுங்கள்.

இந்தக் கடிதத்தோடு அந்த 1989 தபால்தலையின் ஒளிநகலை வைத்திருக்கிறேன். நான் எனக்காக வாங்கி வைத்தது, முத்திரை படாதது. அடுத்த முறை பெட்டிச் செய்தி போடும்போது இரண்டு ஆண்டுகளையும் திருத்தி, 1889 என்றும் 1920 என்றும் போடுங்கள். கொல்கத்தா நண்பருக்கு அந்தப் பக்கத்தை வெட்டி அனுப்ப வேண்டும். அவருக்குத் தமிழ் படிக்க வராது, எண்களைப் படித்துக்கொள்வார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
கும்பகோணம்