ஆண்டறிக்கை 2024–25: பெட்டியிடம் தோற்ற சிறப்பு விருந்தினர்

தலைவர் அவர்களுக்கும், மூத்த உறுப்பினர்களுக்கும், வடை வாசனை பிடித்தபடி இந்த அறிக்கை எப்போது முடியும் என்று பின்வரிசையில் காத்திருக்கும் இளையவர்களுக்கும் வணக்கம்.

சடங்கை முதலில் முடித்துவிடுகிறேன். ஆண்டுத் தொடக்கத்தில் நம் சதுரங்க வட்டத்தில் 41 பேர் இருந்தோம், இப்போது 46. ஞாயிறுதோறும் மேல மாசி வீதி மாடி அறையில் கூடினோம். சித்திரைத் திருவிழா நாட்களில் மட்டும் கூடவில்லை. தேர் வருகிற தெருவில் நமக்கு யார் வழிவிடப் போகிறார்கள்? செயற்குழு ஐந்து முறை கூடியது. அதில் மூன்று கூட்டங்கள் ஒரே விஷயத்துக்கு. அதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

போன ஆண்டறிக்கையில் "ஆண்டு விழா இனிதே நடந்தது" என்று ஒரே வரியில் எழுதியிருந்தேன். இனிதே நடக்கவில்லை. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சிறப்பு விருந்தினர் முதல் பலகையில் உட்காருவார், எதிரில் நம் பிள்ளைகளில் ஒன்று உட்காரும். இருபது நகர்த்தலுக்குள் பிள்ளை ஒரு யானையையோ குதிரையையோ சும்மா விட்டுக்கொடுக்கும். விருந்தினர் ஜெயிப்பார், கைதட்டல், போட்டோ, சாப்பாடு. யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை, அதுகளாகவே புரிந்து வைத்திருந்தன. 2023இல் உட்கார்ந்த ஒன்பது வயதுப் பெண்ணுக்கு மட்டும் அது புரியவில்லை. பதினான்காவது நகர்த்தலில் "மேட், அங்கிள்" என்று சொல்லிவிட்டு எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். விருந்தினர் சிரித்தார். ஆனால் போர்த்திய பொன்னாடையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு, சாப்பிடாமல் கிளம்பினார்.

அதற்குத்தான் மூன்று செயற்குழுக் கூட்டங்கள். பிள்ளையிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம் என்று ஒரு தரப்பு. "தோக்கச் சொல்லிக்கொடுக்கவா கிளப் நடத்துறோம்?" என்று துணைத்தலைவர் ஒரே போடாகப் போட்டார். கடைசியில் நம் மூத்த உறுப்பினர் ஒருவர், "எங்க வீட்டுப் பரண்ல தானா யோசிச்சு ஆடுற ஒரு செஸ் பெட்டி கிடக்கு, விருந்தாளியை அதோட ஆட விடுங்க. அது ஜெயிச்சாலும் நம்ம மேல கோபம் வராது" என்றார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

பெட்டி 1988இல் அவருடைய மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. சைடெக் என்ற ஹாங்காங் நிறுவனத்தின் தயாரிப்பு. மேலே அப்போதைய உலக சாம்பியன் காஸ்பரோவின் பெயர் போட்டிருக்கும். பழைய வேட்டியில் சுற்றிக் கிடந்ததைப் பிரித்துப் பார்த்தால், பேட்டரி வைக்கும் இடம் முழுக்க பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. வினிகரும் பழைய பல்துலக்கியும் வைத்து நானும் பொருளாளரும் ஒரு மாலை முழுக்கத் தேய்த்தோம். அப்புறம் நான் ஒரு தப்பு செய்தேன், அதையும் பதிவு செய்ய வேண்டும். 9 வோல்ட் அடாப்டர்தானே என்று வீட்டில் கிடந்த ஒன்றைச் செருகினேன். வோல்ட் சரிதான், பிளஸ் மைனஸ் திசை மாறியிருந்தது. லேசாகக் கருகல் வாடை வந்தது, பெட்டி அணைந்துவிட்டது. டவுன்ஹால் ரோட்டில் ரேடியோ பழுது பார்க்கும் அண்ணன் திறந்து பார்த்துவிட்டு, "நல்ல நேரம் சார், டயோடு மட்டும்தான் போச்சு" என்று அரை நாளில் சரிசெய்து கொடுத்தார். கணக்கில் "இதர செலவு 350 ரூபாய்" என்று இருப்பது அதுதான். அதை நான் என் கையிலிருந்து கட்டிவிட்டேன்.

இளைய உறுப்பினர்கள் இதைப் போனில் இருக்கும் ஆப் போல நினைத்துவிடக் கூடாது. இந்தப் பெட்டிக்குச் செஸ் ஒன்றுதான் தெரியும். இப்படி வீட்டுக்கென்று செய்த பெட்டி முதன்முதலில் கடைக்கு வந்தது 1977 வாக்கில், அமெரிக்காவின் ஃபிடெலிட்டி நிறுவனத்திடமிருந்து. பிறகு ஹாங்காங்கின் நோவாக், ஜெர்மனியின் மெஃபிஸ்டோ என்று வரிசையாக வந்தன. அவற்றில் பலவற்றுக்கு மூளை, அந்தக் காலத்து ஆப்பிள் 2 கணினியில் இருந்த அதே 6502 சிப்தான். உங்கள் கையிலிருக்கும் போனுக்கு முன்னால் அது தூசு. ஆனால் சாதாரண ஆட்டக்காரரை உட்கார வைத்துத் தோற்கடிக்க அந்தத் தூசே போதும்.

ஆடும் விதமும் வேறு. காயை அது நிற்கும் கட்டத்தில் ஒரு அமுக்கு அமுக்கி, தூக்கி, போகும் கட்டத்தில் இன்னொரு அமுக்கு அமுக்க வேண்டும். 'பீப்' என்று கேட்கும். பிறகு பெட்டி யோசிக்கும். யோசித்து முடித்ததும் பலகையின் ஓரத்தில் சின்னச் சிவப்பு விளக்குகள் எரிந்து, எந்தக் காய் எங்கே போக வேண்டும் என்று காட்டும். நகர்த்த வேண்டியது நாம்தான்.

ஜூலை 20, சனிக்கிழமை ஆண்டு விழா. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1924இல் பாரிஸில் தொடங்கிய நாள் அது. நூறாவது ஆண்டு என்பதால் கொஞ்சம் பெரிதாகவே செய்தோம். சிறப்பு விருந்தினராக ஒரு பட்டிமன்றப் பேச்சாளரை அழைத்திருந்தோம். பெயரை அறிக்கையில் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் விடுகிறேன், வந்திருந்தவர்களுக்குத் தெரியும். மதுரையில் அவரைத் தெரியாதவர் இருந்தால் அவர் வெளியூராகத்தான் இருக்க வேண்டும்.

பெட்டியை மூன்றாவது லெவலில் வைத்தோம். ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். பீப். சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் காத்திருந்தார். பெட்டியும் காத்திருந்தது.

"என்னப்பா, ஆடலையே?"

"ஆடிருச்சுங்கய்யா. நீங்கதான் அதோட காயை நகர்த்தி வைக்கணும்."

"நானா? ஏன்?"

"அதுக்குக் கை இல்லைங்கய்யா."

"நாற்பது வருஷமா என் பையை இன்னொருத்தர் தூக்குறார். இப்ப நான் இதுக்கு எடுபிடியா?" என்றார். அரங்கம் சிரித்தது, அவரும் சிரித்தார். ஆனால் நகர்த்தி வைத்தார். ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றும் கேஸ்லிங் செய்யும்போது யானையை முதலில் அமுக்கிவிட்டார். பெட்டி விடாமல் கத்தியது. பின்னாலிருந்து, "ராஜாவை முதல்ல அமுக்கணும் தாத்தா" என்று ஒரு குரல். யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. இப்போது பத்து வயது ஆகிவிட்டது அவளுக்கு.

இருபத்து மூன்றாவது நகர்த்தலில் அவர் தோற்றார். கைதட்டுவதா வேண்டாமா என்று நம் ஆட்களுக்குத் தெரியவில்லை. போட்டோ எடுக்க வந்த பையன் கேமராவை இறக்கிவிட்டான். அவர் காய்களை எடுத்து முதலிலிருந்து அடுக்க ஆரம்பித்தார். "சரி, இன்னொன்னு."

இரண்டாவது ஆட்டத்தின் நடுவில் ஆடிக் காற்றுக்குக் கரண்ட் போயிற்று. மின்விசிறி நின்றது. பெட்டியில் பேட்டரி இருந்ததால் அதன் சிவப்பு விளக்கு மட்டும் இருட்டில் சிமிட்டிக்கொண்டிருந்தது. அவர் செல்போன் டார்ச்சைத் தானே பிடித்துக்கொண்டு ஆடினார். ஒரு மணிக்கு வைத்திருந்த பந்தி மூன்று மணிக்குத்தான் நடந்தது. சமையல்காரர் நம்மிடம் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. சாப்பிடும்போது விருந்தினர் சொன்னதை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன்: "எந்த மேடைக்குப் போனாலும் நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே கைதட்டிடுறாங்க. இதுக்கு நான் யாருன்னே தெரியல. நல்லா இருக்கு."

இந்தப் பேச்சு உறுப்பினர்களிடம் ஒட்டிக்கொண்டது. வேறு பெரிய மனிதர்கள் யாராவது இப்படி யந்திரத்தோடு ஆடியிருக்கிறார்களா என்று ஆளாளுக்குக் கேட்க, ஆகஸ்ட் மாதக் கூட்டத்தில் நானே ஒரு மணி நேரம் பேச வேண்டியதாயிற்று. அதன் சுருக்கம் பதிவுக்காக.

பழைய கதை நெப்போலியனுடையது. கெம்பெலன் என்பவர் 1770இல் செய்த 'துருக்கியன்' என்ற தலைப்பாகைப் பொம்மை ஐரோப்பா முழுக்கச் சதுரங்கம் ஆடிக்கொண்டு திரிந்தது. 1783இல் பாரிஸில் பெஞ்சமின் பிராங்க்ளின் அதோடு ஆடினார். 1809இல் வியன்னாவின் ஷோன்புருன் அரண்மனையில் நெப்போலியன் உட்கார்ந்தார். வேண்டுமென்றே தப்பாகக் காயை நகர்த்தினாராம். பொம்மை காயைத் திருப்பி வைத்தது. மறுபடி செய்தார், காயையே எடுத்துவிட்டது. மூன்றாவது முறை கையை வீசிப் பலகையையே கலைத்துவிட்டது என்று சொல்கிறார்கள். பாதி ஐரோப்பாவைப் பிடித்தவரிடம் வேறு யார் அப்படிச் செய்திருக்க முடியும்? அந்தப் பெட்டிக்குள் ஒரு ஆள் ஒளிந்திருந்தான் என்பது வேறு விஷயம். 1854இல் பிலடெல்பியா தீ விபத்தில் பொம்மை எரிந்துபோயிற்று.

ஆள் இல்லாமல் நிஜமாகவே ஆடிய முதல் யந்திரம், ஸ்பெயின் பொறியாளர் டோரஸ் கெவெதோ 1912இல் செய்தது. அதற்கு ராஜாவும் யானையும், நமக்கு வெறும் ராஜா. அவ்வளவுதான் ஆட்டம், ஆனால் அதனிடமிருந்து தப்ப முடியாது. தப்பாக நகர்த்தினால் விளக்கு எரியும், மூன்று தடவை தப்பினால் ஆட மறுத்துவிடும். 1951இல் பாரிஸில், யந்திரங்களும் உயிர்களும் தங்களைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் விதத்தை ஆராயும் சைபர்னெடிக்ஸ் என்ற துறைக்கே பெயர் வைத்த நோர்பர்ட் வீனர் இந்தக் குடும்பத்து யந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும் புகைப்படம் ஒன்று உண்டு. அவ்வளவு பெரிய அறிஞர், பள்ளிக்கூடப் பையன் மாதிரி குனிந்து பார்க்கிறார்.

அமெரிக்காவின் முன்னாள் உலக சாம்பியன் பாபி ஃபிஷரைப் பற்றிச் சொன்னபோது அறையில் சத்தமே இல்லை. பட்டத்தைக் கூடத் தக்கவைக்க வராமல் ஒதுங்கிப்போன மனிதர். யாரோடும் பொது இடத்தில் ஆடாத அந்தக் காலத்தில், 1977இல், கிரீன்பிளாட் எழுதிய கணினி நிரலோடு மூன்று ஆட்டம் ஆடினார். மூன்றிலும் ஜெயித்தார். மனிதர்களோடு ஆட மாட்டேன், யந்திரத்தோடு என்றால் சரி. அவருக்குப் பிறகு உலக சாம்பியனான கார்போவுக்கு வேறு அனுபவம்: 1990இல் மியூனிக்கில் பலரோடு ஒரே நேரத்தில் ஆடியபோது எதிராளிகளில் ஒன்றாக இருந்த மெஃபிஸ்டோ பெட்டியிடம் தோற்றார். நம் பெட்டியில் பெயர் இருக்கும் காஸ்பரோவ் 1997இல் ஐபிஎம்மின் டீப் ப்ளூ கணினியிடம் தோற்றது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

பில் கேட்ஸ் 2014இல் நார்வே தொலைக்காட்சியில் அப்போதைய உலக சாம்பியன் கார்ல்சனிடம் 9 நகர்த்தலில் தோற்றார். உலகம் முழுக்க அது செய்தி. வீட்டில் பெட்டியிடம் 9 நகர்த்தலில் தோற்றிருந்தால் அவர் மனைவிக்குக்கூடத் தெரிந்திருக்காது. 2021இல் ஆனந்த் நன்கொடைக்காகப் பிரபலங்களோடு இணையத்தில் ஆடினார். ஆமிர் கானும் அதில் உண்டு. அதே நிகழ்ச்சியில் ஒரு தொழிலதிபர் கணினியின் உதவியோடு ஆனந்தை ஜெயித்துவிட்டு மறுநாள் மன்னிப்புக் கேட்டார். யந்திரம் எதிரில் உட்கார்ந்தால் யோக்கியம், காதோரம் உட்கார்ந்தால்தான் வில்லங்கம். நம் அறை வாசலில் போனைப் போட ஒரு பிரம்புக் கூடை வைத்திருப்பதும் அதற்காகத்தான். கூடையைக் கிண்டல் செய்பவர்கள் கவனிக்கவும்.

2022இல் மாமல்லபுரம் ஒலிம்பியாடின்போது ரஜினிகாந்த், தனக்கு மிகவும் பிடித்த உள்ளரங்க விளையாட்டு செஸ்தான் என்று தான் ஆடும் படத்தோடு பதிவிட்டதையும் சொன்னேன். அந்தப் பெயரைக் கேட்டதும்தான் பின்வரிசை விழித்துக்கொண்டது.

பேச்சு முடிந்ததும், 64 கட்டத்துக்கும் 64 திருவிளையாடலுக்கும் உள்ள சம்பந்தத்தை ஆண்டுதோறும் விளக்கும் நம் உறுப்பினர் எழுந்தார். எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தோம். ஆனால் இந்த முறை அவர் சொன்னது வேறு. திருவாரூர் மாவட்டம் திருப்பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் கோயில் இருக்கிறது. சதுரங்கத்தில் யாராலும் ஜெயிக்க முடியாத இளவரசியை, சிவன் தான் யாரென்று காட்டிக்கொள்ளாமல் வேடம் போட்டு வந்து ஆடி ஜெயித்தார் என்பது தலபுராணம். "சாமியாவே வந்திருந்தா அந்தப் பொண்ணு விட்டுக்கொடுத்திருக்கும்ல? அதான் வேஷம்" என்றார். எனக்கு ஒரு மணி நேரம் பிடித்ததை அவர் ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டார்.

மற்ற செய்திகள். டிசம்பர் 12 அன்று குகேஷ் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று உலக சாம்பியன் ஆனபோது நம் அறையில் உட்கார இடமில்லை. படிக்கட்டு வரை ஆள். நம் மதுரை அரவிந்த் சிதம்பரம் நவம்பரில் சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ் போட்டியையும் மார்ச்சில் பிராக் மாஸ்டர்ஸ் போட்டியையும் வென்றார். இரண்டு முறையும் கேசரி நம் செலவு. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். கையிருப்பு இருக்கிறது, பெருமைப்படும் அளவுக்கு இல்லை.

பெட்டியை வீட்டுக்கு இரவல் கேட்டு ஏழு விண்ணப்பங்கள் வந்தன. பெரியவர்களுக்கு ஒரு வாரம் தரலாம், பன்னிரண்டு வயதுக்குக் கீழே வேண்டாம் என்று செயற்குழு முடிவு செய்தது. பெற்றோர் சிலருக்கு வருத்தம். குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, தொடக்க ஆண்டுகளில் அவரைக் கணினிப் பக்கமே விடாமல் சொந்தமாக யோசிக்க வைத்தார் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறேன். எடுத்துப் போகிறவர்கள் அதோடு வரும் அடாப்டரை மட்டுமே பயன்படுத்தவும். வேறு எதையும் செருக வேண்டாம், செருகியவன் சொல்கிறேன்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மட்டும் பெட்டி வெளியே போகாது. அந்த நேரத்தில் பட்டிமன்ற ஐயா வருகிறார். காரை அனுப்பிவிட்டு, மேல மாசி வீதி முனையிலிருந்து நடந்தே வருகிறார், பையையும் அவரே தூக்கிக்கொள்கிறார். ஆடும்போது யாரும் செல்ஃபி கேட்க வேண்டாம், கேஸ்லிங் சொல்லிக்கொடுக்கவும் வேண்டாம், இப்போது தெரியும். போன ஞாயிறு நான்காவது லெவலில் டிரா செய்தார். பெட்டியின் காய்களையும் அவரேதான் பழைய இடத்தில் அடுக்கி வைத்துவிட்டுப் போனார்.

இப்படிக்கு,
செயலாளர்