முதலில் வெந்நீர், பிறகு கணப்பு

பிரேமார், ஸ்காட்லாந்து

அன்புள்ள அண்ணனுக்குத் தம்பி எழுதுவது. இங்கு நலம். அம்மா, மதினி, பிள்ளைகள் நலமறிய ஆவல்.

உங்கள் கடிதம் வந்து ஐந்து வாரமாகிறது. பதில் போடாமல் இருந்தது என் தப்புதான். நம் மேட்டுக்காட்டில் வாடகைக்கு விடக் கட்டுகிற இரண்டு ரூமுக்கும் என்ன ஹீட்டர் வைக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். நான் பார்க்கிற வேலையே அதுதான் என்பதால் நாலு வரியில் முடிக்க மனம் வரவில்லை.

இங்கே டிசம்பரில் மூன்றரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். 1982 ஜனவரியில் இந்த ஊரில் மைனஸ் 27.2 டிகிரி பதிவாகியிருக்கிறது. அதற்குக் கீழே பிரிட்டனில் எங்குமே பதிவானதில்லை. நான் வேலை பார்க்கிற, காட்டுக்குள் இருக்கிற விடுமுறை மரக்குடில்களுக்குக் குழாய் எரிவாயு வராது. மின்சாரம், சிலிண்டர், மண்ணெண்ணெய், விறகு, இந்த நான்கை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

குளிரென்றதும் எல்லாரும் ரூமைச் சூடாக்குவதைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். அது சுலபமான பாதி. ஐந்துக்கு ஆறு மீட்டர் குடில், சுவரிலும் கூரையிலும் தரைக்கு அடியிலும் காப்புப் பஞ்சு ஒழுங்காக அடைத்து, இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டிருந்தால், வெளியே மைனஸ் 4 இருக்கும்போது உள்ளே 21 வைத்திருக்க ஒன்றரை கிலோவாட் போதும். கஷ்டம் வெந்நீரில். நாலு பேர் சாயங்காலம் மலையேறித் திரும்பி, ஒருவர் பின் ஒருவராகக் குளிக்கப் போவார்கள். அந்த அரை மணி நேரத்துக்குத்தான் எல்லாவற்றையும் கணக்குப் போட வேண்டும்.

கணக்கு இதுதான். ஷவரில் நிமிடத்துக்கு 8 லிட்டர், ஆளுக்கு 7 நிமிடம், நாலு பேருக்கு 224 லிட்டர். குளிர்காலத்தில் இங்கே குழாய்த் தண்ணீர் 5 டிகிரியில் வரும். 150 லிட்டர் தொட்டியை 60 டிகிரிக்குச் சூடாக்கி வைத்தால், பச்சைத் தண்ணீர் கலந்து 40 டிகிரியில் ஏறக்குறைய 235 லிட்டர் கிடைக்கும். தொட்டிக்குள் இருக்கிற 3 கிலோவாட் மின்சுருள் (காயில்) அதைச் சூடாக்க மூன்றேகால் மணி நேரம் எடுக்கும். காலை பத்துக்கு ஒரு கும்பல் போய் நாலுக்கு அடுத்தது வருவதற்குள் தொட்டி தயாராகிவிடும். தொட்டி இல்லாமல் போகிற போக்கில் சூடாக்கும் 9 கிலோவாட் மின் ஷவர், அதே குளிரில் நிமிடத்துக்கு நாலு லிட்டர்கூடத் தராது. 39 ஆம்பியர் வேறு இழுக்கும்.

60 டிகிரிக்குக் கீழே தொட்டியைக் குறைத்து வைக்காதீர்கள். 20 முதல் 45 டிகிரி வரை நிமோனியா தரும் லெஜியோனெல்லா கிருமி பெருகும். பூட்டிக் கிடக்கிற ரூமில் அது இன்னும் ஆபத்து. ஆள் இல்லாவிட்டாலும் வாரம் ஒரு முறை எல்லாக் குழாயையும் ஷவரையும் திறந்து ஓட விட வேண்டும். 60 டிகிரித் தண்ணீர் குழந்தைகளைச் சுட்டுவிடும், அதனால் குளியலறைக்குப் போகிற குழாயில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கலப்பு வால்வு கட்டாயம்.

சிலிண்டர் கேஸில் ஓடுகிற 24 கிலோவாட் பாய்லர் நிமிடத்துக்குப் பத்து லிட்டர் தரும், நல்ல சாமான்தான். ஆனால் முழு வேகத்தில் மணிக்கு இரண்டு கிலோ கேஸ் குடிக்கும். பனியில் ஒரே சிலிண்டர் அந்த வேகத்துக்கு ஆவி விடாது. ஆவியாகும்போது தன் சூட்டையே இழந்து வெளிப்பக்கம் வெள்ளையாகப் பனி பூத்து, அழுத்தம் விழுந்து, ஆள் சோப்புப் போட்டு நிற்கும்போது பாய்லர் அணைந்துபோகும். அதனால் 47 கிலோ சிலிண்டர் நான்கை இணைத்து, தானாக மாறும் வால்வு வைக்கிறோம். அதுவும் புரொப்பேன் வகைக் கேஸ்தான், பியூட்டேன் வகை பூஜ்யம் டிகிரியிலேயே திரவமாக நின்றுவிடும். நம் வீட்டுச் சிலிண்டரில் பியூட்டேனும் கலந்திருப்பதால்தான் மார்கழியில் கடைசிக் கேஸ் எரியாமல் அடியில் தங்குகிறது.

அதைவிட முக்கியம்: குளியலறைக்குள் கேஸ் கீசர் வைக்கவே வைக்காதீர்கள். கதவைச் சாத்திக் குளித்தால் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளை முடித்துவிடும். மேலத்தெரு மாமா மலிவாகக் கிடைக்கிறது என்று சொன்னாலும் கேட்காதீர்கள்.

ரூம் சூட்டுக்கு, பெரும்பாலும் காற்றை மட்டும் சூடாக்கும் சிறிய ஹீட் பம்ப் ஒன்றைத்தான் சொல்கிறேன். ஏசி மாதிரியே இருக்கும். ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக மூன்று பங்கு சூடு தரும். ஈரக்காற்றுள்ள பூஜ்யம், ஒன்று டிகிரியில் வெளிப்பெட்டி பனி பிடித்து அடிக்கடி நின்று உருக்கிக்கொள்ளும். உருகிய தண்ணீர் ஓட வழி விடாவிட்டால் அடியில் பாளமாகி விசிறியை உடைக்கும். இரவு மின்சாரத்தில் செங்கல்லைச் சூடாக்கி வைக்கும் ஹீட்டர்களை விடுமுறைக் குடிலுக்கு நான் சிபாரிசு செய்வதே இல்லை. நாளைக்கு ஆள் வருகிறது என்று நேற்றிரவே அதற்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2021 நவம்பரில் ஆர்வென் புயலடித்தபோது இந்தப் பக்கம் பல வீடுகளில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. அதிலிருந்து ஒரு சின்ன விறகடுப்பும் வேண்டும் என்றே சொல்கிறேன். பக்கத்துவீட்டுத் தாத்தா விறகைப் பிளந்து, வருஷத்தைச் சாக்பீஸில் எழுதி அடுக்கி, இரண்டு வருஷம் காய்ந்த பிறகே தொடுவார். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பார். ஈர விறகை எரித்தால் புகைபோக்கியில் தார் படிந்து ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். என்னோடு தினமும் பேசுகிறவர் அவர்தான்.

ஆளில்லாத நாளில்தான் பெரிய சேதம் வரும். தண்ணீரை வடிக்கிற முறை: முதலில் காயிலை அணைக்க வேண்டும். பிறகு வெளி வால்வை மூடி, எல்லாக் குழாயையும் திறந்து, தொட்டியை அடிக்குழாய் வழியே காலி செய்ய வேண்டும். ஷவர் வால்வை நடுச்சூட்டில் வைத்து, குழலைத் தரையில் தொங்க விட வேண்டும். அதில் தங்குகிற ஒரு கை தண்ணீர்தான் அதிகம் உடைக்கிறது. பிளாஸ்டிக் குழாய் நடுவில் தொய்ந்தாலும் அந்தக் குழியில் தண்ணீர் நின்று வெடிக்கும், 15 மில்லிமீட்டர் குழாய்க்கு 30 சென்டிமீட்டருக்கு ஒரு கிளிப் அடிக்க வேண்டும். திரும்ப நிரப்பும்போது வெந்நீர்க் குழாயில் தண்ணீர் வந்த பிறகே காயில். வெறும் தொட்டியில் போட்டால் எரிந்துபோகும்.

நம் ரூமுக்கு இவ்வளவு வேண்டியதில்லை. மாடித் தொட்டி மூன்று மீட்டர் உயரத்தில் இருந்தால் 0.3 பார் அழுத்தம்தான், போகிற போக்கில் சூடாக்கும் சாதனங்கள் பல அதில் பற்றிக்கொள்ளாது. ரூமுக்கு 25 லிட்டர் கீசர் ஒன்று, தனி 16 ஆம்பியர் லைன், நல்ல எர்த். அடுப்பங்கரைக்கு வணிகச் சிலிண்டர்தான் வாங்க வேண்டும். கூரைக்குக் கீழே காப்பு அடைக்காமல் பூசிவிடாதீர்கள்.

போன வாரம் கடையில் பூண்டு வாங்கினேன். உரித்தேன், வாசனையே இல்லை. நம் வீட்டுத் திண்ணையில் அம்மா பூண்டைக் கட்டி அடுப்புக்கு மேலே தொங்கவிடுவது நினைவுக்கு வந்து, அன்று சமைக்கவில்லை. அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம். நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள். இந்த மாதப் பணம் பத்து நாள் தாமதமாக வரும்; வேறொன்றும் இல்லை, வங்கி வேலை.

அப்பா பெயரில் இருக்கிற பட்டாவை மாற்ற என் கையெழுத்து வேண்டும் என்றீர்கள். எடின்பரோவில் இந்தியத் துணைத் தூதரகத்தில் பவர் பத்திரத்துக்குச் சான்று வாங்கி அனுப்புகிறேன். கைக்கு வந்து மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும், மறந்துவிடாதீர்கள். மேட்டுக்காட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், தங்கச்சிக்குக் கிணற்றடி. அவளுடைய சின்னவன் காதுகுத்துக்குத் தாய்மாமன் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். தேதி குறித்ததும் எழுதுங்கள்.

அன்புள்ள,
தம்பி